மணல், பீரோ, செல்போன்

பி.எட். படிக்கிறவர்களின் கனவிலும் வந்து மிரட்டும் பொருள் ஒன்று உண்டு: பாடத்திட்டக் குறிப்பேடு. நாளைக்கு எடுக்கப்போகும் பாடத்தை இன்றைக்கே கட்டம் கட்டமாக எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் ஒரு கட்டத்துக்குப் பெயர் ‘கற்பித்தல் துணைக்கருவிகள்’. என்னோடு பள்ளிப் பயிற்சிக்கு வந்தவர்கள் அங்கே ‘பவர்பாயிண்ட், காணொளி, க்யூஆர் கோடு’ என்று எழுதினார்கள். நானும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள், ஆறாம் வகுப்புத் தமிழுக்கு, ‘மணல்’ என்று எழுதினேன். அடுத்த வரியில் ‘செல்போன் - 1’.

வழிகாட்டி ஆசிரியை செல்போனை ஒன்றும் செய்யவில்லை. மணலைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். ஓரத்தில் ‘விளக்கவும்’ என்று எழுதினார். வாய்விட்டும் கேட்டார்: “ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு. இப்பப் போயி மணலாம்மா?”

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் கோவையாக வரவில்லை. அது நீளமான பதில். ஆரம்பிக்க வேண்டுமென்றால் எழும்பூரில் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் இருநூறு வருஷத்துக்கு முன்னால்.

குதிரையில் போனவர் பார்த்தது

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னைக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கிய ஆண் பிள்ளைகள் காப்பகம் அவர் பொறுப்புக்கு வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்து, பெரும்பாலும் தகப்பனை இழந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். சம்பளத்துக்கு ஆசிரியர்கள் இருந்தும் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒரு காலையில் குதிரையில் போய்க்கொண்டிருந்த பெல், வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைப் பார்த்தார். தமிழை அன்றைய வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெல் திரும்பிவந்து, அரிச்சுவடி வகுப்பு ஆசிரியரிடம் இதையே செய்யச் சொன்னார். அது நடக்கிற காரியமில்லை என்று பதில் வந்தது. பெல் அந்த வகுப்பைத் தூக்கி, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டார். பையன் நடத்திக் காட்டினான். இந்த அனுபவத்தை பெல் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது ‘மதராஸ் முறை’ என்ற பேரிலேயே பரவியது. மணல் தட்டும் கூடவே போனது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயங்கள். முதலாவது, நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த பிள்ளை, இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். எட்டு வயது ஃபிரிஸ்கென் எழும்பூர்க் காப்பகத்தின் சட்டாம்பிள்ளை, அவ்வளவுதான்.

இரண்டாவது, மணலின் குணம். ஓலையில் எழுத்தாணியால் கீறினால் கீறியதுதான், அழிக்க முடியாது. காகிதம் அன்றைக்கு விலை உயர்ந்த பொருள். மணலில் மட்டும் தப்பு செய்வதற்குச் செலவே கிடையாது. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், தப்பு செய்ததற்கான தடயமே இருக்காது. எழுதிப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் திண்ணைப் பள்ளியைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் வந்த தொகுப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் 1983-ல் இந்த ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டபோது, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே படிப்பே இல்லை என்ற கதை ஆட்டம் கண்டது. சரி. ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. மணல் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தது. திண்ணை அப்படி இல்லை.

அதனால், ஒரு கருவியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது புதுசா பழசா என்பது இல்லை என்று நினைக்கிறேன். அது யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

பீரோவுக்குள் போன அறிவியல்

இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெரிய கருவிகள் எல்லாமே பெரியவர்கள் கையில்தான் வந்திறங்கின. வானொலி வந்தது, தலைமையாசிரியர் மேசையில் உட்கார்ந்தது. திருகுகிற குமிழ் அவருடையது, கேட்கிற காது மட்டும் பிள்ளைகளுடையது.

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இந்தியா உலகமே திரும்பிப் பார்த்த ஒரு சோதனையைச் செய்தது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேராகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இறக்கியது. ‘சைட்’ என்று அதைச் சொல்வார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. பிரமாண்டமான முயற்சிதான். ஆனால் வகுப்பறை என்ற அளவில் அங்கே நடந்தது என்ன? ஒரு பெட்டி பேசியது, நூறு பிள்ளைகள் பார்த்தார்கள். பதிலுக்குப் பெட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க வழியில்லை.

1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினிகளைக் கொண்டுவந்தது. பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினிகள். சில நூறு பள்ளிகளில், ஒரு பள்ளிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில கணினிகள். விசையைத் தட்டினால் பதில் சொல்கிற பெட்டி இது. ஆனால் விலை கூடினால் பூட்டும் கூடும். கணினி என்றாலே ஏசி, திரைச்சீலை, ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என்ற அட்டை. அந்த மரபு நான் பள்ளிக்குப் போன காலம்வரை சாகவில்லை. நான் படித்த பள்ளி ஒன்றில் கணினி அறை இருந்தது. கணினிகளுக்கு அழகாகத் துணி உறை போட்டிருந்தார்கள். ஒரு வருஷத்தில் மூன்று தடவை உள்ளே போயிருப்போம். சாவி பீரோவில், பீரோ சாவி அலுவலகத்தில், அலுவலகத்தில் ஆள் இல்லை. கணினியின் உறுப்புகளைப் படம் வரைந்து பாகம் குறித்து நான் பத்துக்குப் பத்து வாங்கினேன். எலியைத் தொட்டதே இல்லை.

அப்பத்தாவின் வாடகை சைக்கிள்

எங்கள் மாவட்டம் புதுக்கோட்டை. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு ஒரு விசித்திரமான பாடத்தையும் சேர்த்தார்: பெண்களுக்கு சைக்கிள். கல்குவாரியில் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடியில் இருப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பெடல் மிதித்தார்கள். ஊரில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பெண்கள் காதில் வாங்காமல் மிதித்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகத்துக்குச் சொன்னார்.

என் அப்பத்தா அவர்களில் ஒருத்தி. ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் கையெழுத்துப் போடவும், பேருந்துப் பலகை படிக்கவும் கற்றுக்கொண்டது. பகலில் வாடகைக்கு எடுத்த ஆம்பளை சைக்கிளில் ஓட்டப் பழகியது. பார் வைத்த சைக்கிள். முழங்காலில் இருக்கும் தழும்பைப் பதக்கம் மாதிரி காட்டும்.

எழுத்தறிவு இயக்கத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கல்லூரியில் ஒரு தோழி கேட்டாள். அதைப் போய் அப்பத்தாவிடம் கேட்டேன். “படிச்சிட்டு எங்க போறது? பஸ்சு ஒன்னு காலையில, ஒன்னு சாயந்திரம். சைக்கிளு இருந்தாத்தானத்தா படிச்சதுக்கு ஒரு வேல இருக்கும்” என்றது. கூட்டத்துக்குப் போக, ரேஷனுக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக. வழியில் இருக்கும் ஊர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போக.

கணினி அறைக் கதையைச் சொன்னபோது அப்பத்தா சிரித்துவிட்டது. “சைக்கிள பீரோவுல வச்சுப் பூட்டுனா எவளாச்சும் ஓட்டப் பழகுவாளா?”

அண்ணனுக்கு வந்த பெட்டி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பல லட்சம் மடிக்கணினிகள் வந்தன. கணினி பீரோவைவிட்டு வெளியே வந்து, பிள்ளையின் தோள்பையில் ஏறி, கூரை வீட்டுக்குள் நுழைந்தது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் அந்த வீடுகளில் வளராதவர்கள்.

2013-ல் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிவந்தான். நான் ஆறாம் வகுப்பு. தெருவே வந்து பார்த்தது. அதில் நாங்கள் படித்தோமா? இல்லை. பெண்டிரைவில் படம் வாங்கிவந்து பார்த்தோம். பெயிண்ட்டில் வீடு, மலை, சூரியன் வரைந்தோம். பள்ளியில் எந்த ஆசிரியரும் அண்ணனை அதைத் திறந்து ஒரு பாடம் படிக்கச் சொன்னதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மணலோடு சட்டாம்பிள்ளை இருந்தான். சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட அறிவொளித் தொண்டர் இருந்தார். மடிக்கணினியோடு வந்தது சார்ஜர் மட்டும்தான்.

ஆனாலும் கையில் இருக்கிற பொருள் சும்மா இருக்காது. அண்ணன் அதில் தானாகவே போட்டோஷாப் பழகி, இன்றைக்கு ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வடிவமைக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம். அவன் பாமினி எழுத்துருவில் பழைய தட்டச்சு முறையில் அடிப்பான். நான் என்.எச்.எம். ரைட்டரை இறக்கி, தமிழ் 99 பழகினேன். ‘அது என்னடி பொம்பளப்புள்ள மாதிரி மெதுவா’ என்பான். இந்தத் தமிழ் 99 பின்னால் வேலைக்கு ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

2018-ல் புதிய பாடநூல்கள் வந்தன. முதல் ஆண்டு 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு. பதினொன்றில் இருந்தேன், புது வாசனையோடு வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் கறுப்புச் சதுரங்கள், க்யூஆர் கோடு. உள்ளே காணொளி இருக்கிறது என்றார்கள். வீட்டில் இருந்தது அப்பாவின் பட்டன் போன். இரண்டு வருஷம் அந்தச் சதுரங்களைப் பேனாவால் கோலம் போட்டு நிரப்பினேன்.

பத்தொன்பது மாதம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். பத்தொன்பது மாதம். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே தொடங்கியிருந்ததால் பாடங்கள் வீட்டுத் திரைக்கு வந்தன. தனியார் பள்ளிப் பிள்ளைகள் செல்போனில் வகுப்பு கவனித்தார்கள். மற்ற பிள்ளைகள் அப்பா வேலை முடிந்து போனோடு வரும்வரை காத்திருந்தார்கள். ‘யார் கையில்’ என்ற கேள்வி அந்த வருஷம் வீட்டுக்குவீடு கேட்டது.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுக்கலாம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் சேர்ந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணைதான் மையம். எந்தத் தெருப் பிள்ளையும் ஏறலாம் என்று அப்பத்தா முதல் நாளே சத்தமாகச் சொல்லிவிட்டது. சொல்ல வேண்டியிருந்தது.

இருபது பிள்ளைகள். அதில் ஒருவன் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பில் பள்ளியின் வாசலைக்கூடப் பார்த்திராதவன். அவனுக்கு ‘அ’ தெரியாது. ஆனால் அவன் அம்மாவின் போனில் மைக் படத்தை அழுத்தி, “ஜேசிபி வீடியோ” என்று சொல்லுவான். வரும். “பெரிய ஜேசிபி” என்பான். அதுவும் வரும். படிக்கக் கற்றுக்கொள்ளடா என்று நான் சொன்னபோது அவன் கேட்டான்: “எதுக்குக்கா? சொன்னாலே வருதுல்ல?”

அந்தத் திண்ணையில் எனக்குக் கை சில்லிட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பத்தா காலத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பேருந்து ஏறுவதே பாடு. இவனுக்கு அந்தப் பாடு இல்லை. போன் அவனுக்காக வாசித்தது, அவனுக்காக எழுதியது. அது அவன் கையில்தான் இருந்தது. ஆனாலும் ஜேசிபிக்குப் பிறகு என்ன வீடியோ என்பதை அவன் தீர்மானிக்கவில்லை, அதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. கையில் இருப்பது மட்டும் போதாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கை ஏதாவது செய்ய வேண்டும்.

அ, ப, ப, ஆ

அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அம்மாவின் போனில் அந்த எண்ணைக் கடைக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ நாலு எழுத்தில் பதிந்து கொடுத்திருந்தார். படத்தை வைத்துத்தான் அடையாளம். போன் ஒரு தடவை கெட்டுப்போய்த் திரும்பி வந்தபோது படம் போய்விட்டது. நாலு எழுத்துப் பெயர்கள் வரிசையாக நின்றன. எது அப்பா என்று தெரியாமல் போனை என்னிடம் கொண்டுவந்து நின்றான். அழவில்லை, ஆனால் மூக்கு விடைத்திருந்தது.

எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, “இதுல அப்பான்னு நீயே எழுதுறியா?” என்று கேட்டேன்.

வாசலில் வீடு கட்டக் கொட்டிய மணல் மிச்சம் இருந்தது. அதில் முதலில் எழுதினான். மூன்று நாள் ஆனது. அழித்து அழித்து எழுதினான். நாலாம் நாள் என் போனில் செல்லினத்தைத் திறந்து தமிழ் 99 விசைகளைக் காட்டினேன்.

தமிழ் 99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தேறிய விசைப்பலகை. பிறகு தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது. பழைய தட்டச்சு முறையில் எழுத்தின் உருவத்தை அடிப்போம். ‘பெ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ப. தமிழ் 99-ல் ஒலியை அடிக்கிறோம். ப, எ என்று தட்டினால் பெ. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய். 247 எழுத்தையும் 31 விசைக்குள் அடக்குவதற்கு இலக்கணமே வழி சொல்லியிருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்.

பையன் தட்டினான். அ. ப. இன்னொரு ப தட்டியதும் முந்தைய ப-வின் தலையில் புள்ளி வந்து உட்கார்ந்தது. திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். “நான் வைக்கலக்கா!” பிறகு ஆ. அப்பா.

அழித்தான். மறுபடி தட்டினான். ஆ-வுக்குப் பதில் இ போட்டான். அப்பி. சிரித்தான். உ போட்டான். அப்பு. ஊ, எ, ஏ என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தான். ஒரு மாதமாக நான் அட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தும் ஏறாத உயிர்மெய், பத்து நிமிஷத்தில் ஒரு விளையாட்டாக அவனுக்குள் போனது. மணலும் அந்தத் திரையும் ஒரே சாதி என்று எனக்கு அப்போதுதான் பட்டது. இரண்டிலும் விரல் வேலை செய்கிறது. இரண்டிலும் தப்புக்குச் செலவில்லை.

அதற்குப் பிறகு திண்ணையில் ஒரு சட்டம் வந்தது. இருக்கிற போன் ஒன்று, பிள்ளைகள் இருபது. மணலில் சரியாக எழுதியவர்களுக்குத்தான் போன். சரியாகத் தட்டியவர் அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் எனக்கு ஐந்து சட்டாம்பிள்ளைகள் கிடைத்தார்கள். இதில் எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகள் போன் கிடைத்ததும் யூடியூபுக்கு ஓடினார்கள். ஒரு பெண் பிள்ளை மையத்துக்கு வருவதே நின்றுபோனது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்றார்கள். அதற்கு எந்தச் செயலியும் இல்லை.

விளக்கவும்

இந்த ஆறாம் வகுப்பில் நாற்பது பேர். 2020-ல் பள்ளி மூடியபோது இவர்கள் ஒன்றாம் வகுப்பு. இன்றும் ஆறு பேருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஸ்மார்ட் போர்டில் பாடம் ஓடும்போது இந்த ஆறு பேரும் மற்றவர்களைவிட அமைதியாக இருக்கிறார்கள். திரை நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது, தாங்கள் வாசிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாமலும் இருக்கிறது. அந்த அமைதியை நான் கவனம் என்று எண்ணி மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. அதனால்தான் மணல் கேட்டேன் மிஸ். பதினோரு வயதுப் பிள்ளை மணலில் எழுத வெட்கப்படும் என்றால், நோட்டில் சிவப்பு மை வாங்க அதைவிட வெட்கப்படும். மணலைத் தட்டி அழித்துவிடலாம்.

நான் ஸ்மார்ட் போர்டுக்கு எதிரி இல்லை. நாளைக்கு வகுப்பில் செயற்கை நுண்ணறிவு வந்து உட்காரும்போது நான் அதற்கும் எதிரியாக இருக்கமாட்டேன். கேட்டால் கட்டுரையே எழுதித் தரும் இயந்திரத்தின் முன்னால் ஒரு பிள்ளை, “எதுக்கு மிஸ்? சொன்னாலே வருதுல்ல?” என்று கேட்கும். அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே ஒரு திண்ணையில் சந்தித்துவிட்டேன்.

அந்தப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன வாரம் அவன் அம்மா எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. குரல் பதிவு இல்லை, தட்டச்சு. ‘அக்கா நாலைக்கு ஊருக்கு வர்ரியலா’. மூன்று பிழை. திருத்தாமல் வைத்திருக்கிறேன்.

ஆசிரியையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. எழும்பூர்க் கதையை மட்டும் சொன்னேன். “சரி, செஞ்சு பாரு. வகுப்பு முடிஞ்சதும் நீதான் கூட்டணும்” என்று கையெழுத்துப் போட்டார். இரவு அடுத்த நாள் பாடத்தை எழுத உட்கார்ந்தபோது, துணைக்கருவிகள் கட்டத்துக்குப் பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தேன். பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தில் இல்லாத ஒரு சின்னக் கட்டம் கிடைத்தது. அதன் தலையில் ‘யார் கையில்?’ என்று எழுதினேன்.